பள்ளிக்கூடம் நிறையக் கிளிகள்

அதிகம் பேசாதவர்களை நல்லவர்கள் என்று நினைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் என்னைப் பற்றியும் அப்படித்தான் பேச்சு. "அந்தம்மா வாயே தொறக்க மாட்டாவ, பசு மாதிரி" என்பார்கள். உண்மை என்னவென்றால், பேசுகிறவர்களுக்குப் பொறாமைப்பட நேரம் கிடைப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்குத்தான் நாள் முழுதும் ஓய்வு. ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, நிதானமாக, ஒழுங்காகப் பொறாமைப்படலாம்.

நான் பட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் முருங்கையைவிட அதிகம் காய்த்ததற்குப் பட்டிருக்கிறேன். என் நாத்தனார் காய்ச்சலில் படுத்தபோது பார்க்க வந்தவர்களின் கூட்டத்தைப் பார்த்து, அந்தக் காய்ச்சலுக்கே பொறாமைப்பட்டிருக்கிறேன். (எனக்கு வந்தபோது ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.)

இதெல்லாம் சில்லறை. நான் பட்ட பொறாமைகளிலேயே பெரியது, ஒரு பள்ளிக்கூடத்தையே தலைகீழாக்கியது, பத்தாம் வகுப்பில் சமூக பாட வகுப்பில் பட்டது. அப்போது அறுபதுகளின் தொடக்கம். தண்ணீர் வண்டிக்குக் காத்துக் கிடக்கிற கோவில்பட்டியில், பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன்.

படித்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட, மரியபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது சரியாக இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தார். ரயில் வந்தாலும் போனாலும் சத்தம் போட்டே பேசிப் பழகிய வீடு அது. புஷ்பத்துக்குத் தொண்டை வெண்கலம். எனக்குத் தொண்டை இருக்கிறதா என்பதே பல டீச்சர்களுக்குத் தெரியாது. எனக்குத் தாகம் எடுத்தால் அவள்தான் எழுந்து, "டீச்சர், இவ தண்ணி குடிக்கப் போணுமாம்" என்பாள். எனக்கு விடை தெரிந்தால் அவள்தான் சொல்வாள். மத்தியானம் அவள் அம்மா வறுத்துக் கொடுத்த சீனியவரைக்காய் வத்தலில் பாதி எனக்கு, என் கம்புச் சோற்றில் பாதி அவளுக்கு. நான்கு வருஷம் இப்படி ஓடியது. புஷ்பம் என் தோழி என்று சொன்னால் போதாது. என் வாய் அவளிடம் இருந்தது.

அந்த வருஷம் எஸ்தர் டீச்சர் வந்தார்கள். பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்த கையோடு வந்தவர்கள். அதுவரை எங்களுக்குச் சமூக பாடம் என்றால் மன்னர்களும் மலைத்தொடர்களும்தான். எஸ்தர் டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நீங்கள்லாம் கோவில்பட்டிக்காரங்கன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?" என்று கேட்டார்கள்.

"பொறந்தப்பவே தெரியும் டீச்சர்" என்றாள் முன்பெஞ்சில் ஒருத்தி.

"பொறந்தப்போ உனக்கு உன் பேரே தெரியாதே."

வகுப்பு விழித்தது. புஷ்பம் எழுந்தாள். "டீச்சர், நான் பெரியம்மை வீட்டுக்குத் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். அங்கன குழாயில குடத்த வச்சிட்டு, அது வழிய வழிய நின்னு கதை பேசுதாவ. நான் நெஞ்சு பதறி ஓடிப்போயி குடத்த மாத்தி வச்சேன். எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சிட்டு, 'புள்ள கோவில்பட்டியோ?'ன்னு கேட்டாவ. அன்னைக்குத்தான் டீச்சர் தெரிஞ்சது."

எஸ்தர் டீச்சர் கைதட்டினார்கள். "இதுதான் பாடம்! குழந்தை தான் யாருன்னு தெரிஞ்சுகிட்டுப் பிறக்கறதில்லை. வீடும் தெருவும் சேர்ந்து அதைப் பழக்குது. வெளியே ஒரு 'அவர்கள்' கண்ணில் பட்டாத்தான் உள்ளே ஒரு 'நாம்' இருக்குன்னு தெரியுது" என்றார்கள். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. டீச்சர் புஷ்பத்தைப் பாராட்டியது மட்டும் விளங்கியது. லேசாக எரிந்தது. (அவள் மேல் எரிந்ததா, அவளைக் கொண்டாடிய டீச்சர் மேல் எரிந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.)

அத்தோடு விட்டிருந்தால் நான் நல்ல பெண்ணாகவே பத்தாம் வகுப்பை முடித்திருப்பேன். டீச்சர் விடவில்லை. இதை நடத்திப் பார்க்கலாம் என்றார்கள். வகுப்பில் இருந்த நாற்பது பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது. ஒவ்வொரு கூட்டமும் தனக்கு ஒரு பெயர், ஒரு சின்னம், சில விதிகள் வைத்துக்கொள்வது. பள்ளிக்கூடம் நடக்கிற பத்து நாள் அப்படியே இருந்துவிட்டு, மனசு எப்படியெல்லாம் மாறியது என்று எழுதுவது. பதினோராம் நாள், அது ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருகிறார். அவர் முன்னால் இந்தப் பாடத்தை நடத்திக் காட்டுவது.

சீட்டு எடுக்கும்போது நானும் புஷ்பமும் கையைக் கோத்துக்கொண்டு எடுத்தோம். அவளுக்கு ஒன்று வந்தது. எனக்கு இரண்டு வந்தது. கையையும் பெஞ்சையும் பிரித்துவிட்டார்கள்.

ஒன்றாம் கூட்டத்துக்குக் கோமதி தலைவி. இவள் அந்த வருஷம்தான் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் அப்பா பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரியில் மேனேஜர். நல்ல நிறம், இரட்டைப் பின்னல், எதற்கெடுத்தாலும் "ஏனுங்" என்று இழுக்கிற பேச்சு. அவள் தன் கூட்டத்துக்குக் கிளி என்று பெயர் வைத்தாள். அவர்கள் வீட்டுத் தீப்பெட்டிகளிலிருந்து கிளி படம் போட்ட லேபிளை உரித்தெடுத்து, ஆளுக்கொன்றாக, புது ஊக்கு போட்டுத் தாவணியில் குத்திவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிளி எங்கள் வீட்டுக் கிளி! என் அம்மாவும் அத்தையும் தீப்பெட்டிப் பாக்டரியிலிருந்து அட்டையும் லேபிளும் வாங்கிவந்து வீட்டில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் அந்தக் கிளிதான். நாங்கள் கூடி உட்கார்ந்து பருத்தி என்று பெயர் வைத்து, ஆளுக்கொரு பஞ்சுத் துணுக்கைத் தாவணியில் சொருகிக்கொண்டோம். ஆக, ஜின்னிங் பாக்டரி மகள் கிளியாகிவிட்டாள், தீப்பெட்டி வீட்டு மகள் பருத்தியாகிவிட்டேன். பஞ்சு கரிசல் காற்றில் பறந்துபோகும். மத்தியானத்துக்குள் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சின்னமே இருக்காது. மீதிப் பேருக்கு அது தலையில் ஒட்டி நரை மாதிரி தெரியும்.

கிளிகளுக்கு விதிகள் ஏராளம். கிளிகள் வேப்பமரத்தடியில் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும். ஒரு கிளியைக் கண்டால் இன்னொரு கிளி ஆட்காட்டி விரலை மூக்கு மாதிரி வளைத்துக் காட்ட வேண்டும். கிளியின் சோற்றைக் கிளியல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. எங்களுக்கு ஒரே விதிதான்: கிளிகளைப் பார்க்கக் கூடாது. நாங்கள் நாள் முழுதும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள், சீனியவரைக்காய் வத்தல் கோமதியின் தட்டில் விழுவதை, நாங்கள் சாப்பிடும் தகரக் கொட்டகையிலிருந்து பார்த்தேன். கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. (முப்பதடி தூரம். கேட்டது.) மூன்றாம் நாள், கணக்கு டீச்சர் ஏதோ கேட்டதற்கு, புஷ்பம் எழுந்து, "ஏனுங் டீச்சர்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வருஷம் என் கம்புச் சோற்றைத் தின்றவள்! என்னிடமிருந்து ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. (நான் பேசினால்தானே கற்றுக்கொள்ள.) மூன்றே நாளில் நாக்கை அந்தப் பக்கம் சாய்த்துவிட்டாள். அந்த மூன்று நாளும் நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்காகக் கேட்க ஆள் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போகும் வழியில் அவளே ஓடிவந்தாள்.

"ஏட்டி, ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"டீச்சர் சொன்ன வெளையாட்டுதானட்டி? பத்து நாளு. பொறவு நம்ம பாட்டுக்கு இருக்கப் போறோம்."

"ஒங் கிளி பாத்துக்கிட்டே இருக்கு. அங்கன போ" என்றேன். பின்னால் கோமதி குடையோடு நின்றிருந்தாள். புஷ்பம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அந்தக் குடைக்குள் போனாள். நான் வெயிலில் நடந்தேன். வேண்டுமென்றே நடந்தேன். பார்க்கட்டும் என்று.

அதற்குப் பிறகு அவள் என் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த இரட்டைப் பின்னலும் புஷ்பத்தின் ஒற்றைப் பின்னலும் உரசிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பத்து நாள் முடிந்தாலும் இவள் திரும்ப மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அப்படியானால் நான் இனி ஆயுசுக்கும் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான்.

யோசனை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா எனக்கு முன்னால் ஒரு கட்டு லேபிளைத் தூக்கிப் போட்டு, "சும்மா தூணப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு இத ஒட்டு" என்றாள். கட்டைப் பிரித்தேன். அத்தனை கிளிகளும் என்னைப் பார்த்தன. ஒருத்தி கிளியாக இருந்தால்தானே பெருமை? ஊரே கிளியாகிவிட்டால் கோமதிக்கு என்ன மிச்சம்? எல்லோரும் கிளி என்றால் கூட்டமே இல்லை. கூட்டமே இல்லை என்றால் புஷ்பம் என் பெஞ்சுக்கு வந்துதானே ஆக வேண்டும்? என் வாழ்க்கையில் நான் இவ்வளவு தெளிவாக யோசித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குத்துவதற்கு ஊக்கு இல்லை. ஊக்கு இல்லாவிட்டால் என்ன, எங்கள் வீட்டில் பசை இருக்கிறதே! வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் இங்கே நின்று கொஞ்சம் யோசித்திருப்பாள். தீப்பெட்டி வீட்டுப் பிள்ளைக்கு எதைப் பார்த்தாலும் ஒட்டத்தான் தோன்றும். தீப்பெட்டிப் பசை மைதா மாவில் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். பசை பச்சையும் நீலமுமாக இருக்கும். ஒரு சிரட்டை நிறைய அதை வழித்து, வாழை இலையால் மூடி, திங்கட்கிழமை காலையில் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

மத்தியான மணி அடித்ததும் முதலில் எங்கள் பருத்தித் தலைவியிடம் ஒரு லேபிளைக் காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இடது புறங்கையை நீட்டி, "சீக்கிரம் ஒட்டுட்டி" என்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எரிந்துகொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று. அரை மணி நேரத்தில் பருத்திக் கூட்டம் முழுவதும் வரிசையில் நின்று கையை நீட்டியது. அவர்களைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பைப் பார்த்து ஆறாம் வகுப்பு வந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என்னைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. ஒட்டுவதில் ஒரு கிளிகூடப் பிசகவில்லை. அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

கடைசியில் ஒரு லேபிள் மிஞ்சியது. அதை எனக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆயா வந்து, "தாயி, எனக்கும் ஒண்ணு ஒட்டேன். நல்லாத்தான இருக்கு" என்று கையை நீட்டினாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒட்டிவிட்டேன்.

ஒட்டி முடித்து வேப்பமரத்தடியைப் பார்த்தபோதுதான் என் கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்தது. கூட்டம் ஒழியவில்லை. பெருத்துவிட்டது! பருத்தி முழுவதும் எழுந்துபோய்க் கோமதியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. "வாங்க புள்ளைங்களா, எல்லாரும் வாங்க" என்று அவள் எல்லோருக்கும் விரலை வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இருபது பேருக்குத் தலைவியாக இருந்தவளைப் பள்ளிக்கூடத்துக்கே தலைவியாக்கியிருந்தேன். தகரக் கொட்டகையில் நான் ஒருத்தி. நானும் பசைச் சிரட்டையும்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. செவ்வாய்க்கிழமை வரவேண்டிய இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா திங்கட்கிழமையே வந்து இறங்கிவிட்டார்.

தலைமையாசிரியை அம்மா வெளியே ஓடிவந்தார். முதலில் கண்ணில் பட்டது சிற்றுண்டித் தட்டோடு நின்ற ஆயாவின் கை. அடுத்து பிள்ளைகளின் கைகள். "என்ன கண்றாவி இது! போய்க் கழுவுங்க, ஓடுங்க!" என்றார். ஓடினோம். தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வண்டி இன்னும் வரவில்லை. (கோவில்பட்டியில் கழுவு என்று சொல்வது சுலபம்.) பிள்ளைகள் எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார்கள். புழுதியில் தேய்த்தார்கள். அரைக் கிளி, கால் கிளி, வால் மட்டும் மிஞ்சிய கிளி என்று, துத்தப் பச்சை முழங்கைவரை ஏறியதுதான் மிச்சம். கையிலும் தாவணியிலும் கிளி இல்லாமல் நான் மட்டும் நின்றேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். கனத்த சரீரம், வட்டக் கண்ணாடி. எஸ்தர் டீச்சருக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பாடத்தை விளக்கினார்கள். பிறகு, "கிளிக் கூட்டம் கை தூக்கட்டும்" என்றார்கள்.

முப்பத்தொன்பது கைகள் எழுந்தன, அதில் பாதி பச்சைப் பச்சையாக.

"பருத்திக் கூட்டம்?" டீச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

நான் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "பரவாயில்லையே! கூட்டமே மாறிப்போன பிறகும் ஒரு பெண் மட்டும் தன் கூட்டத்தை விடாமல் நிற்கிறாள். இதுவும் பாடம்தான், டீச்சர். எழுந்து நில்லும்மா."

நின்றேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. புஷ்பமும் பார்த்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக, கண்ணை அகல விரித்து, பெருமையாகப் பார்த்தாள். கோமதியை அவள் இப்படிப் பார்த்ததில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். உட்காரத்தான் போனேன்.

"சரி, இத்தனை கிளி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா.

வாசலில் காப்பியோடு நின்ற ஆயா முந்திக்கொண்டாள். "அந்தப் புள்ளதாம்மா ஒட்டிவிட்டுச்சு. எனக்குங்கூட ஒட்டுச்சு பாருங்க" என்று கையை உயர்த்திக் காட்டினாள். அவள் பங்குக்கு அவள் என்னைப் பாராட்டினாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயா? எதிர்க்கூட்டத்துச் சின்னத்தை நீ எதுக்கு எல்லோருக்கும் ஒட்டினே? நீ எந்தக் கூட்டம்மா?"

வழக்கம்போலப் புஷ்பத்தைப் பார்த்தேன், எனக்குப் பதிலாக எழுந்து சொல்வாள் என்று. அவள் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் என் தொண்டை தானே திறந்துகொண்டது. நான்கு வருஷம் சேர்த்து வைத்திருந்த சத்தம் மொத்தமும் ஒரேயடியாக வந்தது.

"நான் புஷ்பம் கூட்டம்!"

ஒன்பதாம் வகுப்புவரை கேட்டதாம். தொடர்ந்து நான் ஓவென்று அழுததும் கேட்டதாம். வகுப்பு சிரித்த சிரிப்பில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. அவரும் சிரித்தார். எஸ்தர் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து தம் கைக்குட்டையைக் கொடுத்தார்கள். பிறகு கரும்பலகையில் கிளி, பருத்தி என்று எழுதியிருந்ததற்குக் கீழே, மூன்றாவதாக, 'புஷ்பம் — ஒரு நபர்' என்று எழுதினார்கள். (அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.)

சாயந்திரம் புஷ்பம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். குடை இல்லை, கோமதி இல்லை. ரயில்வே கேட் வரைக்கும் திரும்பவே இல்லை. ஆயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கேட் மூடியிருந்தது. நின்றுதானே ஆகவேண்டும். நின்றாள். திரும்பினாள்.

"ஏட்டி, நான் தெரியாமத்தான் கேக்கேன். எம்பேர்ல ஒரு கூட்டம் வச்சிருக்க. அதுல என்னையச் சேத்திருக்கியா, இல்லியா?"

நான் கேட் கம்பியைச் சுரண்டினேன். மறுபடி தொண்டை மூடிக்கொண்டது.

"தெனமும் நான் ஒன்னயப் பாத்தேன். தெனமும் நீ மூஞ்சிய திருப்பிக்கிட்ட. கொடைக்குள்ள கூப்பிடலாம்னு நின்னா, வெயில்ல ராணி மாதிரி நடந்து போற. நான் என்னட்டி செய்ய?" என்று அவள் அழ ஆரம்பித்தாள். சரக்கு வண்டி வந்தது. அது போகும்வரை இரண்டு பேரும் சத்தமாக அழுதோம். அது நீளமான வண்டி.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டாம். லேபிள் குறைந்ததால் நிறையப் பெட்டிகள் மொட்டையாக நின்றன. "எங்கட்டி போச்சு கிளியெல்லாம்?" என்று அம்மா கேட்டபோது, "பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். "கிளிக்குப் படிப்பு வந்தாலும் ஒனக்கு வராது" என்றாள். பரீட்சை முடியும்வரை சாயந்திரம் தவறாமல் பெட்டி ஒட்டினேன். பல நாள் புஷ்பமும் வந்து உட்கார்ந்து ஒட்டினாள். கோணலாக ஒட்டுவாள்.

இந்தக் கதையைப் புஷ்பம் என் கல்யாணத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் நின்றே மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு விமோசனம் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் என் கணவர், "எங்க வீட்டுல நாலு ஓட்டு உங்களுக்குத்தான் அண்ணாச்சி. இவிய மட்டும் புஷ்பம் கூட்டம். அந்தப் புஷ்பம் நின்னாத்தான் போடுவாவ" என்பார். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு நியாயம் கேட்டு என்னிடம் வந்தால், "அம்மைட்ட கேட்டு என்ன செய்ய, அது புஷ்பம் கூட்டம்" என்று தாங்களே திரும்பிப் போய்விடுவார்கள்.

நானும் சிரித்துக்கொள்வேன். வயசாகிவிட்டது, அந்தப் புத்தியெல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாசம் தூத்துக்குடியிலிருந்து புஷ்பம் கடிதம் போட்டிருந்தாள். கோமதி விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்தாளாம். பழைய கதையெல்லாம் பேசினார்களாம். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாளாம்.

கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அடுப்பை அணைத்தேன். "எங்க கெளம்புத?" என்று கேட்ட கணவரிடம் பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன். மூன்று நாள் தங்கிவிட்டு வந்தேன்.